கார்லோஸ் வேலா யாருக்கும் கடன்பட்டவரில்லை

2025 மே மாதம் கார்லோஸ் வேலா உதைபந்தாட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். வயது 36. அறிவிப்பு வந்த கையோடு, மெக்ஸிகோ ரசிகர்களிட்டையும் சரி, எங்களைப் போல நித்திரை முழிச்சு ஐரோப்பிய லீக் பார்க்கிற ஆக்களிட்டையும் சரி, ஒரே கதைதான் சுத்தித் திரிந்தது: மனிசன் மட்டும் மனம் வைச்சிருந்தால் எங்கயோ போயிருப்பான், வீணாப் போச்சு.

இந்த "வீணாப் போச்சு" எண்ட சொல்லோடதான் எங்களுக்குப் பிரச்சினை. ஸ்பெயினின் முதல் பிரிவில் ஒரு கழகத்தைத் தூக்கி நிறுத்தியவர், மூன்று உலகக் கிண்ணங்களுக்கு அழைப்புக்குத் தகுதியாக இருந்து இரண்டில் விளையாடியவர், அமெரிக்க லீக்கில் ஒரே பருவகாலத்தில் ஆகக்கூடிய கோல் என்ற சாதனையை எழுதியவர். இவ்வளவும் செய்த ஒருவரை வீணாப் போனவர் எண்டு சொல்லுறம் எண்டால், அந்தக் கணக்கை எந்தக் கொப்பியில் எழுதுகிறோம் என்று பார்க்க வேணும்.

கணக்கு தொடங்கியது 2005இல். பெருவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை மெக்ஸிகோ வென்றது. லீமாவில் நடந்த இறுதிப் போட்டியில் பிரேசிலை 3-0 என்று தோற்கடித்தார்கள். எந்த வயதுப் பிரிவிலும் மெக்ஸிகோ வென்ற முதல் உலகக் கிண்ணம் அது. கன்கூனைச் சேர்ந்த 16 வயது வேலா 5 கோல்களோடு தொடரின் ஆகக்கூடிய கோல் அடித்தவர். கூட விளையாடிய ஜியோவானி டொஸ் சாண்டோஸ் பார்சிலோனாவின் பிள்ளை. நாடே இந்தப் பெடியளைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தது: இனி எங்கட காலம்.

இந்த இடத்தில் மெக்ஸிகோவின் ஒரு பழைய காயத்தைப் பற்றிச் சொல்ல வேணும். அவர்கள் அதை "ஐந்தாவது ஆட்டம்" என்கிறார்கள். உலகக் கிண்ணத்தில் குழுநிலையில் மூன்று ஆட்டம், பிறகு கடைசி 16 அணிகளின் சுற்று நான்காவது ஆட்டம், அதை வென்றால் கால் இறுதி ஐந்தாவது. மெக்ஸிகோ கால் இறுதி கண்டது 1970இலும் 1986இலும் மட்டுமே. இரண்டும் சொந்த மண்ணில். 1994 தொடக்கம் 2018 வரை ஏழு உலகக் கிண்ணங்களில் தொடர்ச்சியாக அந்த நான்காவது ஆட்டத்திலேயே தோற்று வெளியேறினார்கள். ஏழு தரம்! 2005இல் கிண்ணம் தூக்கிய 16 வயதுப் பெடியளின் தலையில் ஏறினது இந்தக் கனவுதான். அவர்களிடம் யாரும் கேட்டுவிட்டு ஏற்றவில்லை.

அந்த வருட முடிவுக்குள்ளேயே ஆர்சனல் வேலாவை ஒப்பந்தம் செய்தது. குவாதலஹாராக் கழகத்தில் வளர்ந்தவர், அதன் முதல் அணிக்கு ஒரு ஆட்டம்கூட விளையாடாமல் விமானம் ஏறினார். ஆனால் இங்கிலாந்தில் விளையாட அவருக்குத் தொழில் அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே ஸ்பெயினுக்குக் கடனாக அனுப்பினார்கள். இரண்டாம் பிரிவில் சலமங்கா, பிறகு முதல் பிரிவில் ஒசசூனா. 2008இல்தான் அனுமதி கிடைத்தது. அந்த செப்டம்பரில் லீக் கிண்ணத்தில் ஷெஃபீல்ட் யுனைட்டட்டுக்கு எதிராக மூன்று கோல். கோல்காப்பாளரின் தலைக்கு மேலால் பந்தை மெல்லத் தூக்கிப் போடுகிற அந்த இடதுகால் அழகை இன்றைக்கும் யூடியூபில் தேடிப் பார்க்கிற ஆக்கள் இருக்கினம். ஆனாலும் ஆர்சனலில் அவருக்கு நிரந்தர இடம் கிடைக்கவேயில்லை. திரும்பவும் கடன்: 2011இல் வெஸ்ட் ப்ரொம், அதே ஆண்டில் ரியல் சொசியடாட்.

உதைபந்தாட்டத்தில் ஒரு வீரரைத் தற்காலிகமாக வேறு கழகத்துக்குக் கொடுப்பதற்குப் பெயரே கடன்தான். 17 வயதிலிருந்து 22 வயது வரைக்கும் ஒரு பெடியனை நாடு நாடாக, ஊர் ஊராகக் கடன் கொடுத்துத் திரிந்துவிட்டு, பிறகு அவனைப் பார்த்து "நீ எங்களுக்குக் கடன்பட்டிருக்கிறாய்" எண்டு சொல்லுறது எவ்வளவு பெரிய நகைச்சுவை! வேலா ஏன் விளையாட்டைப் போதுமான அளவு நேசிக்கவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். விளையாட்டு அவரை எப்படி நடத்தியது என்று கேட்டவர்கள் குறைவு.

சரி, நேசிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு எங்கிருந்து வந்தது? அவர் வாயிலிருந்தேதான். உதைபந்தாட்டம் தன்னுடைய தொழில், ஆனால் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுவது கூடைப்பந்தாட்டத்தைத்தான் என்ற கருத்தைப் பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஒரு வங்கி உத்தியோகத்தர் "வேலை முடிஞ்சால் வங்கியைப் பற்றி யோசிக்க மாட்டன்" எண்டு சொன்னால் நாங்கள் கோவிப்பமா? கோவிக்க மாட்டம். ஆனால் ஒரு விளையாட்டு வீரர் சொன்னால் துரோகம். ஏன் எண்டால் அவரிட்ட நாங்கள் எதிர்பார்க்கிறது வேலையை இல்லை, பக்தியை.

2010 தென்னாபிரிக்க உலகக் கிண்ணத்தில் வேலா இருந்தார். ஆரம்பப் போட்டியில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அவர் பந்தை வலைக்குள் போட்டார். ஆனால் கோல்காப்பாளர் முன்னால் வந்துவிட்டதால் வேலாவுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் ஒரேயொரு எதிரணி வீரர்தான் இருந்தார். ஓஃப்சைட். விதி சரிதான், கோல் செல்லாது. ஆட்டம் 1-1. அடுத்ததாக பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில் காயம்பட்டு முதல் பாதியிலேயே வெளியேறினார்.

அதே ஆண்டு செப்டம்பரில், மொன்டெரேயில் கொலம்பியாவுடனான சிநேகபூர்வ ஆட்டம் முடிந்த பிறகு வீரர்கள் விருந்து வைத்துக் கொண்டாடிய விவகாரம் வெடித்தது. மெக்ஸிகோ சம்மேளனம் 11 பேருக்குத் தண்டப்பணம் விதித்தது. வேலாவுக்கும் எஃப்ரைன் ஹுவாரெஸுக்கும் மட்டும் ஆறு மாதத் தடை. தடை முடிந்து சில ஆட்டங்களுக்கு வந்தார். 2011க்குப் பிறகு தேசிய அணி அழைத்தபோதெல்லாம் மறுத்தார்.

மறுத்ததால் அவர் இழந்தது சின்ன விசயமில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மெக்ஸிகோ இறுதிப் போட்டியில் பிரேசிலை 2-1 என்று வென்று தங்கம் எடுத்தது. அந்தப் பதக்கம் அவர் கழுத்தில் இல்லை. அதற்காக அவர் அழுது புலம்பியதாகவும் தெரியவில்லை.

உண்மையான சோதனை 2013இல் வந்தது. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மெக்ஸிகோ தடுமாறியது. சில வாரங்களுக்குள் நாலு பயிற்றுவிப்பாளர்கள் மாறினார்கள். கடைசி நாளில் பனாமாவுக்கு எதிராக மேலதிக நேரத்தில் அமெரிக்கா அடித்த கோல்கள்தான் மெக்ஸிகோவைக் காப்பாற்றின. பரம எதிரியின் தயவில் தப்பிப் பிழைத்து, நியூசிலாந்துடன் மோதி, இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 9-3 என்று வென்றுதான் பிரேசில் போக முடிந்தது. நாடு இப்படி மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அதே காலத்தில் வேலா என்ன செய்துகொண்டிருந்தார்? சான் செபஸ்தியானில் வாழ்க்கையின் உச்சத்தில் இருந்தார். லியோனுக்கு எதிராக இரண்டு கோல் அடித்து ரியல் சொசியடாட்டை சம்பியன்ஸ் லீக்குக்குள் கொண்டுபோனார். அந்த நவம்பரில் செல்ட்டா விகோவுக்கு எதிரான ஆட்டத்தில் தனி ஆளாக நாலு கோல். அந்தப் பருவகாலத்தில் லா லீகாவில் மட்டும் 16 கோல்கள்.

புதிய பயிற்றுவிப்பாளர் மிகுவேல் ஹெரேரா நேரில் போய்க் கதைத்தார். வேலா மாட்டேன் என்றார். 2014 உலகக் கிண்ணத்தில் மெக்ஸிகோ வழமைபோல நான்காவது ஆட்டத்தில் தோற்றது. நெதர்லாந்துக்கு எதிராக 88ஆவது நிமிடம் வரைக்கும் முன்னிலையில் இருந்து, 2-1 என்று போனது. வேலா இருந்திருந்தால்...?

இந்தக் கேள்வியை நாங்கள் மதிக்கிறோம். ரசிகர் என்றால் அப்படித்தான் யோசிப்பார். ஆனால் "இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்" என்பதற்கும் "இருந்தே ஆகவேணும்" என்பதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. முதலாவது ஆசை, இரண்டாவது உரிமை கோரல். ஒருத்தரின்ர காலில் திறமை இருக்கு எண்டதால அந்தக் கால் பொதுச்சொத்து ஆகாது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: வேலா மறுத்தது வெளிப்படையான மறுப்பு. அழைப்பை ஏற்றுக்கொண்டு, அணிக்குள் போய் இருந்து, அரை மனதோடு விளையாடி, இன்னொரு பெடியனின் இடத்தைப் பிடித்து வைத்திருக்கவில்லை. அப்போது உலகக் கிண்ண அணியில் 23 பேருக்குத்தான் இடம் இருந்தது. மனமில்லாதவர் விலகினால், அந்த இடத்துக்காக உயிரையே விடுகிற ஒருவர் உள்ளே போவார். இதைவிட நேர்மையான முடிவு என்ன இருக்கிறது?

"உயிரையே விடுகிற" ஆள் என்றவுடன் எல்லாருக்கும் ஞாபகம் வருவது சிச்சரித்தோ. ஹாவியேர் ஹெர்னாண்டஸ். வேலாவுக்கு ஒரு வயதுகூட மூப்பில்லை, அதே குவாதலஹாராவின் வார்ப்பு. தாத்தா தோமாஸ் பல்காசர் 1954 உலகக் கிண்ணத்தில் பிரான்சுக்கு எதிராக கோல் அடித்தவர். தகப்பன் 1986 அணியில் இருந்தவர். பேரன் 2010இல் அதே பிரான்சுக்கு எதிராக கோல் அடித்தார். ஆட்டம் தொடங்கமுதல் மைதான நடுவில் முழங்காலில் நின்று செபிப்பார். மெக்ஸிகோவுக்காக 52 கோல்கள், இன்றைக்கும் அதுதான் சாதனை. வேலாவைத் திட்டுகிறவர்கள் எல்லாரும் அளவுகோலாகக் காட்டுவது இவரைத்தான்: பார், இவன்தான் பிள்ளை!

ஆனால் அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது? 2019க்குப் பிறகு தேசிய அணியின் கதவு மூடியது. லொஸ் ஏஞ்சல்ஸ் கலக்சியில் கோல் அடித்துக்கொண்டிருந்தும் 2022 கட்டார் உலகக் கிண்ணத்துக்கு அழைக்கவில்லை. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். பயிற்றுவிப்பாளருக்கு யாரையும் விடுகிற உரிமை இருக்கிறது. நாங்கள் சொல்ல வருவது வேறு. அணி ஒரு வீரரை "நீ வேண்டாம்" என்று சொல்லலாம், அதற்குப் பெயர் தெரிவு. வீரர் அணியை "எனக்கு வேண்டாம்" என்று சொன்னால் அதற்குப் பெயர் துரோகம். இந்தத் தராசு ஒரு பக்கம்தான் சாயும் எண்டால், அது அன்பில்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2016 மார்ச்சில் வேலா மட்ரிட்டில் ஒரு இசை நிகழ்ச்சிக்குப் போய்விட்டு, அடுத்த நாள் வயிறு சரியில்லை எண்டு பயிற்சிக்குப் போகவில்லை. ரியல் சொசியடாட் நடவடிக்கை எடுத்தது. எடுத்தது சரி. சம்பளம் வாங்குகிற இடத்துக்கு, கூட ஓடுகிற சக வீரர்களுக்கு, டிக்கெட் எடுத்து வருகிற சனத்துக்கு அவர் பொறுப்புச் சொல்லத்தான் வேணும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் வேலையைச் செய்ய வேணும். நாங்கள் கோடு கீறுகிற இடம் அதுதான். கையெழுத்து வைத்ததுக்குக் கடமை உண்டு. கையெழுத்து வைக்காத கனவுக்குக் கடமை இல்லை.

இன்னொரு நியாயமும் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வேலாவிடம் காசு இருந்தது. வீட்டை நிமிர்த்த வேண்டும் என்று விளையாடுகிற ஆயிரம் பெடியளுக்கு அந்த வசதி இல்லை. உண்மை. ஆனால் இதிலிருந்து வர வேண்டிய முடிவு, வேலாவுக்கும் அந்தச் சுதந்திரம் இருக்கக்கூடாது என்பதா? இல்லாதவர்களுக்கும் அது கிடைக்க வேணும் என்பதுதானே?

2014 நவம்பரில், எல்லாரும் கைவிட்ட பிறகு, வேலா தானாகத் திரும்பி வந்தார். அம்ஸ்டர்டாமில் நெதர்லாந்துக்கு எதிரான சிநேகபூர்வ ஆட்டம். மெக்ஸிகோ 3-2 என்று வென்றது, அதில் இரண்டு கோல் வேலாவுடையது. 2018 ரஷ்ய உலகக் கிண்ணத்தில் ஜேர்மனியை 1-0 என்று தோற்கடித்த ஆட்டத்தில் முதல் பதினொருவரில் இருந்தார். தென்கொரியாவுக்கு எதிராக பெனால்ட்டியை நிதானமாக உள்ளே போட்டார். பிறகு பிரேசிலிடம் தோல்வி, நான்காவது ஆட்டம், பழைய கதை. அதோடு தேசிய அணியிலிருந்து விலகினார், இளையவர்களுக்கு இடம் விடவேண்டும் என்ற நிலைப்பாட்டோடு. 72 ஆட்டங்கள், 19 கோல்கள்.

"வீணாப் போச்சு" எண்டுற ஆக்கள் பதில் சொல்ல முடியாத பகுதி இதுக்குப் பிறகுதான் வருகிறது. 28 வயதில், ஐரோப்பாவில் இன்னும் விளையாடக்கூடிய நேரத்தில், இன்னும் தொடங்கவேயில்லாத ஒரு கழகமான லொஸ் ஏஞ்சல்ஸ் எஃப்சியில் கையெழுத்து வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஓய்வூதியம் எடுக்கப் போறார், பின்னேரத்தில கூடைப்பந்தாட்டம் பார்க்கப் போறார் எண்டு. இரண்டாவது வருடத்தில், 2019இல், 34 கோல்கள். முதல் வருடம் ஜோசெஃப் மார்ட்டினெஸ் வைத்த 31 என்ற லீக் சாதனையை, கடைசி ஆட்டத்தில் கொலராடோவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து உடைத்தார். அதோடு 15 கோல்களுக்குப் பந்து கொடுத்தார். லீக்கின் பெறுமதிமிக்க வீரர் விருது அவருக்கு. வலது பக்கத்தில் பந்தை எடுத்து, உள்ளே வெட்டி, இடது காலால் தூர மூலைக்கு வளைத்து விடுவது. எல்லாப் பின்காப்பாளர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் மறிக்க முடியவில்லை. 2022இல் அதே கழகத்தின் தலைவராக லீக் கிண்ணத்தையும் தூக்கினார்.

நேசிக்காத ஒருவர் இப்படி விளையாட முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறோம். அல்லது நேசம் என்றால் என்ன என்று நாங்கள் படித்து வைத்திருப்பது பிழையாக இருக்கலாம். அழுதால், மண்ணை முத்தமிட்டால், சட்டையில் இருக்கிற சின்னத்தைக் கொஞ்சினால்தான் நேசம் என்றில்லை. தன்னைத் தன்பாட்டில் வாழவிடுகிற இடத்தில் ஒருவர் தன் வேலையைத் திறமாகச் செய்வதும் ஒரு வகை நேசம்தான். 2020 யூலையில், பெருந்தொற்று உச்சத்தில் இருந்தபோது, லீக் ஒர்லாண்டோவில் ஒரு தொடரை நடத்தியது. வேலா போகவில்லை. மனைவி கர்ப்பமாக இருந்தார். எது முதல், எது இரண்டாவது என்பதில் அந்த மனிசனுக்கு ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை.

இந்தக் கதை எங்களை ஏன் உறுத்துகிறது என்று யோசித்தோம். கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு "வீணாப் போச்சு" புதிய சொல்லில்லை. கணக்கில நல்ல புள்ளி எடுத்த பிள்ளை, ஏன் இதுக்குப் போனது? நல்லாப் பாடுற பிள்ளை, ஏன் மேடைக்குப் போறேல்லை? நல்லா ஓடுற பிள்ளை, ஏன் விட்டிட்டுது? கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, பாசத்தில்தான் கேட்கினம். ஆனால் அந்தக் கேள்விக்குள்ள, உன்ர திறமை உன்னுடையது இல்லை, அது எங்கட முதலீடு எண்ட ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. "உனக்கு இது பிடிச்சிருக்கா?" எண்டு கேட்கிற ஆளைக் காண்பது அருமை.

திறமை இருப்பதும் ஆசை இருப்பதும் இரண்டு விசயம். இரண்டும் ஒரே ஆளில் சேர்ந்தால் அது அதிர்ஷ்டம். சேராவிட்டால் குற்றம் இல்லை.

இனி ஓய்வுபெற்ற ஒருவரைப் பற்றி வாதாடி என்ன பயன் என்று கேட்கலாம். பயன் இருக்கிறது. வேலா ஓய்வு அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகமுதல், 2025 யூலை 6ஆம் திகதி, மெக்ஸிகோ இறுதிப் போட்டியில் அமெரிக்காவை 2-1 என்று வென்று கோல்ட் கப்பை எடுத்தது. அந்த இறுதிப் போட்டியில் முதல் பதினொருவரில் ஒருவர் கில்பெர்த்தோ மோரா. திஹுவானாவின் நடுக்கள வீரர். அப்போது வயது 16. 2026 உலகக் கிண்ணத்தை நடத்துகிற மூன்று நாடுகளில் மெக்ஸிகோவும் ஒன்று. ஐந்தாவது ஆட்டம் என்ற பழைய கனவு திரும்பவும் சொந்த மண்ணில். அது யாருடைய தலையில் ஏறப்போகிறது என்று சொல்லத் தேவையில்லை.

20 வருடத்துக்கு முதல் லீமாவில் நின்ற பெடியனுக்கும் 16 வயதுதான். மோரா பெரிய ஆட்டக்காரர் ஆகட்டும், மெக்ஸிகோவுக்குக் கால் இறுதி கிடைக்கட்டும், நாங்களும் நித்திரை முழிச்சுப் பார்ப்பம், கத்துவம். ஆனால் ஒருநாள் அந்தப் பிள்ளை களைச்சுப் போய், எனக்கு இது காணும் எண்டு சொன்னால், சொல்லவிட வேணும். எங்களுக்கு அவர் தந்த அழகான ஆட்டங்களுக்கு நன்றி சொல்லுவம். தராத ஆட்டங்களுக்கு யாரும் ரசீது கேட்க ஏலாது.